அழிக்கவும் மனமில்லை, திறந்து பார்க்கவும் நேரமில்லை: டிஸ்க்கில் கிடக்கும் நம் ஓவியங்களை என்ன செய்வது?

வாவியோரம்
திங்கள், இரவு 10.15

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து எழுதுகிறேன். 12 வருடமாகக் கொம்பியூட்டரில் வரைகிறேன். வயிற்றுப்பாட்டுக்குக் கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணக் கார்ட், 31ஆம் நாள் நினைவு மலர், பிளெக்ஸ் பேனர். மனசுக்காக வடமோடிக் கூத்து வேஷங்கள்: கிரீடம், விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, வட்டமான கூத்து மேடையான வட்டக்களரியில் ஆடுகிறவர்களின் கால்கள். நேற்று மூன்றாவது தடவையாக ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிது வாங்கக் கடைக்குப் புறப்பட்டு, செருப்பும் போட்ட பிறகு, உள்ளே என்னதான் கிடக்கிறது என்று ஒருதரம் பார்ப்போமே என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். எழும்பும்போது விடியப்புறம் இரண்டரை மணி.

1.9 டெராபைட் இருக்கிறது. போன வருடம் முழுவதும் நான் திறந்த பைல்கள் 300 கூட வராது. மிச்சமெல்லாம் என்ன என்று பார்த்தால், ஒரே அம்மன் குளுத்தி நோட்டீஸ் 14 பிரதி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. வரையும் மென்பொருளான கிரிட்டா பெயருக்குப் பின்னால் அலைக்குறி போட்டுத் தானாக வைக்கும் பேக்கப்புகள். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் பெயரோடு 1 சேர்த்து வைக்கும் பழைய பிரதிகள். டேப்லெட்டில் வரையும்போது அதுவாகவே பதிவாகிற டைம்லாப்ஸ் வீடியோ, ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒன்று, நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள், ஒரே படம் மூன்று போல்டரில். இதெல்லாம் டிஸ்க்கில் மட்டும் இல்லை, ஓட்டோ சிங் போட்டிருப்பதால் கிளவுடுக்கும் போய்க் கிடக்கிறது, அதற்கு மாதாமாதம் காசும் கட்டுகிறேன்.

அந்தக் கிளவுட் எங்கேயோ ஒரு கட்டடத்தில் இரவுபகலாகக் கரண்டில் ஓடுகிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024இல் உலகத் தரவு மையங்கள் எடுத்த மின்சாரம் 415 டெராவாட் மணி, மொத்த உலகப் பாவனையில் ஒன்றரை வீதம். 2030இல் 945 ஆகலாம் என்கிறார்கள். நான் வரைவது வாவி, கண்டல் காடு, கொக்கு. அவற்றை வரைந்த பைல் திறக்கப்படாமலே எங்கேயோ நிலக்கரிக் கரண்டைக் குடித்துக்கொண்டு கிடந்தால் அது எனக்கு நெஞ்சில் முள். நீங்கள் எல்லாரும் என்ன செய்கிறீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.


கரண்ட்கணக்கு
திங்கள், இரவு 10.52

தம்பி, நான் கல்முனையில் டிஸ்க், லேப்டொப் திருத்துகிறவன். நல்ல கேள்வி, ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் கவலைப்பட வேணும்.

தரவு மையத்தில் இருக்கும் 20 டெராபைட் டிஸ்க் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருக்க 6 வாட் அளவு எடுக்கும். வருடத்துக்கு 52 யூனிட். ஒரு டெராபைட்டுக்குப் பிரித்தால் இரண்டரை யூனிட் சொச்சம். உங்கள் பைலை அவர்கள் மூன்று இடத்தில் வைப்பதாக எடுங்கள், குளிரூட்டவும் கொஞ்சம் சேருங்கள், ஒரு டெராபைட்டை வருடம் முழுக்க வைத்திருக்க 10 யூனிட் என்று தோராயமாகச் சொல்லலாம். வீட்டு சீலிங் ஃபேன் ஆறு நாள் நிற்பாட்டாமல் ஓடினால் அவ்வளவு கரண்ட் போகும். உங்கள் 1.9 டெராபைட்டுக்குப் பன்னிரண்டு நாள் ஃபேன்.

ஆக, கிடக்கிற பைல் கிடப்பதால் மட்டும் குடிக்கிற கரண்ட் ஒரு ஆளின் கணக்கில் சின்னது. பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. நேற்று நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வாங்கப் போனீர்களே, அதில்! ஒரு எஸ்எஸ்டி செய்வதற்கு ஒரு ஜிபிக்கு 0.16 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது என்று 2022இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஒரு டெராபைட் எஸ்எஸ்டி என்றால் 160 கிலோ, அது நம் கைக்கு வந்து பிளக்கில் செருகும் முன்னமே. உலகச் சராசரியில் ஒரு யூனிட் கரண்டுக்கு அரைக் கிலோ அளவு என்று வைத்தால் 10 யூனிட்டுக்கு 5 கிலோ. 160ஐ 5ஆல் பிரித்துப் பாருங்கள், ஒரு டெராபைட்டைக் கிளவுடில் 32 வருடம் வைத்திருப்பதற்குச் சமம். பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்குக்கு இது பல மடங்கு குறைவு, ஆனாலும் சும்மா வருவதில்லை. கிளவுட்காரனும் நாம் நிரப்ப நிரப்பப் புது டிஸ்க் வாங்கித்தான் அடுக்குகிறான், சில வருடத்தில் கழற்றி எறிகிறான்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போன் நிரம்பிவிட்டது, புதுப்போன் வாங்கப் போகிறேன் என்றுதான் வருகிறார்கள். திறந்து பார்த்தால் குட் மோர்னிங் படங்களும் அதே வீடியோ ஏழு தடவையும். துப்புரவாக்கிக் கொடுத்தால் இரண்டு வருடம் ஓடும். 2022இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் டொன், அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 வீதம். மிச்சத்தை நான் கண்ணால் காண்கிறேன், வாய்க்கால் கரையில் எரித்துச் செம்புக்கம்பி எடுக்கிறார்கள்.


நாவலடி மகள்
திங்கள், இரவு 11.30

அழியுங்கள் அழியுங்கள் என்று சொல்வது சுகம் அண்ணன்.

எங்கள் வீட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்திய ஒரு படமும் இல்லை. நாவலடியில் எங்கள் தெருவே இல்லாமல் போனது. அம்மாவின் கல்யாணப் படம் ஒன்று மட்டும் ஆரையம்பதியில் மாமியின் அல்பத்தில் இருந்தது, அதுவும் அம்மா பாதி மறைந்து நிற்கிற படம். தம்பியின் முகம் எனக்கு இப்போது நினைவிலேயே சரியாக வருவதில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு படத்தையும் அழிப்பதில்லை. மங்கலாக விழுந்ததையும் வைத்திருக்கிறேன். கிறுக்கிப் பார்த்த கோடுகளையும் வைத்திருக்கிறேன். நான் வரைவதெல்லாம் அந்தத் தெருதான், வேலியும் கிணறும் பனைமரமும், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருகிறது, எது சரி என்று எனக்கே தெரியாது. எதை அழிக்கச் சொல்கிறீர்கள்?


வாவியோரம்
செவ்வாய், காலை 6.05

அக்கா, நேற்றிரவே உங்கள் பதிலைப் படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

உங்களிடம் அழிக்கச் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் வீட்டிலும் 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போன பெட்டியைப் பற்றி அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. நம் ஆட்கள் எதையும் எறியாமல் வைத்திருப்பது கஞ்சத்தனத்தால் இல்லை, எத்தனையோ தடவை பறிகொடுத்தவர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் வைத்திருக்கும் அந்தத் தெரு ஓவியங்களில் ஒன்றை இப்போது எடுத்துக் காட்டச் சொன்னால் எவ்வளவு நேரத்தில் எடுப்பீர்கள்? என்னால் முடியவில்லை. போன மாதம் ஒருவர் 2015இல் நான் வரைந்த தருமபுத்திரன் வேஷத்தைக் கேட்டார். இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவே இல்லை. அழிக்காமல்தான் வைத்திருந்தேன். பிறகு ஏன் இல்லை?


மருதமுனைத் தறி
செவ்வாய், காலை 9.20

நானும் ஒன்று சொல்லட்டுமா. வாப்பா காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் தறி. சேலைக்கும் சாரத்துக்கும் கரை, பூ எல்லாம் இப்போது நான் கொம்பியூட்டரில் வரைகிறேன். தொடங்கின காலத்தில் முழுச் சேலையையும் 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளியாக வரைந்து, நிறம் மாற்றி மாற்றி எட்டுப் பிரதி வைத்திருப்பேன். ஒரு டிசைனுக்கே பல ஜிபி. ஒரு நாள் வாப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தறியில ஒரு பூவைத்தானே மகன் திருப்பித் திருப்பிப் போடுறோம், நீ ஏன் ஆயிரம் பூ வரைஞ்சு வெச்சிருக்காய்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு பூ, ஒரு கரைத்துண்டு, நிற எண்கள் எழுதிய சின்னக் குறிப்பு, அவ்வளவுதான் வைக்கிறேன். 10 எம்பிகூட வராது. எந்த நேரமும் அதில் இருந்து முழுச் சேலையையும் எடுக்கலாம்.

வாவியோரம் தம்பி, பிளெக்ஸ் பேனர் எந்த டிபிஐயில் செய்கிறீர்கள்?


வாவியோரம்
செவ்வாய், காலை 9.41

300 நானா. பழகியபோது அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், அப்படியே போகிறது.


கரண்ட்கணக்கு
செவ்வாய், காலை 10.10

அதுதான் விஷயம்! 10 அடிக்கு 8 அடி பேனரை 300 டிபிஐயில் போட்டால் 36,000க்கு 28,800 பிக்சல். நூறு கோடிக்கு மேல். அச்சுக்கான சிஎம்வைகே நிறமுறையில் ஒரு லேயர் மட்டும் சுருக்காமல் 4 ஜிபி தாண்டும். போட்டோஷொப்பின் பிஎஸ்டி பைலே 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, 2 ஜிபிக்கு மேலும் ஏற்காது, பெரிய வடிவத்துக்கு மாறச் சொல்லும். சந்தியில் தொங்குகிற பேனரை யாரும் மூக்கு முட்ட நின்று பார்ப்பதில்லை. 72 போதும், பைல் 17 மடங்கு சிறிதாகும். அச்சடிக்கிற இடத்தில் கேட்டுப் பாருங்க, அவர்களே சொல்வார்கள்.

ஏ3 ஓவியத்துக்கு 300 சரிதான், கையில் பிடித்துப் பார்ப்பது. அதுவே ஒரு லேயருக்கு 70 எம்பி, 16 பிட்டில் வைத்தால் 140. உங்களுக்கு 16 பிட் வேணுமா என்று யோசியுங்க.


காரைதீவுப் பெடியன்
செவ்வாய், மாலை 4.35

அண்ணன்மார், நான் கம்பஸ் இரண்டாம் வருடம். உங்களை மாதிரி லேயர் லேயராகக் கையால் வரைவதில்லை, ஏஐயில் எழுதிக் கொடுத்துப் படம் எடுக்கிறேன், பிறகு அதன் மேல் வரைகிறேன். விபுலானந்த அடிகளை எங்கள் ஊர்க் கடற்கரையில் யாழோடு இருப்பது மாதிரி ஒரு படத்துக்கு 400 படம் எடுத்திருப்பேன். யாழ் சரியாக வரவே இல்லை, வீணையோ கிட்டாரோதான் வருகிறது. 399ம் போல்டரில் கிடக்கிறது. இதுவும் உங்கள் கணக்கில் வருமா? 2021இல் டிஜிட்டல் படத்துக்கு உரிமைப்பதிவு போட்டு விற்கிற என்எப்டி என்று எல்லாரும் ஓடியபோது அதுதான் பூமியைக் கெடுக்கிறது என்றார்கள், இப்போது யாரும் பேசுவதில்லை.


கரண்ட்கணக்கு
செவ்வாய், மாலை 5.20

தம்பி, என்எப்டியில் பெரும்பகுதி ஓடிய எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு 2022 செப்டம்பர் 15இல் முறையை மாற்றியது. போட்டி போட்டுக் கணக்குப் போடும் இயந்திரங்களை விட்டு, பணயம் வைக்கும் முறைக்கு வந்தது. மின்பாவனை 99.9 வீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. ஆக அந்தக் கோபம் அந்தக் காலத்துக்குச் சரியாக இருந்தது, இப்போது பொருந்தாது. இதிலிருந்து நான் எடுக்கிற விஷயம், முறையை மாற்றினால் உண்மையாகவே குறையும் என்பது.

ஏஐ படத்துக்கு வருவோம். ஏஐ ஆய்வாளர் சாஷா லூசியோனியும் கூட இருந்தவர்களும் 2023இல் அளந்தார்கள், 1000 படத்துக்குச் சராசரி 2.9 யூனிட், மிகக் கனமான மாதிரிக்கு 11 யூனிட்டுக்கு மேல். அந்தச் சராசரியில் உங்கள் 400 படத்துக்கு ஒரு யூனிட் சொச்சம். அந்த 399ஐ வைத்திருப்பதற்கு அதில் ஒரு துளிகூடப் போகாது. வைத்திருப்பதை விட உருவாக்குவதுதான் இங்கே பாரம். அடுத்த தடவை யாழின் அமைப்பை முதலில் நீங்களே கோட்டில் வரைந்து கொடுத்துவிட்டுத் தொடங்குங்க, நாலு படத்தில் முடியும்.

தனி ஆள் கணக்கு சின்னதாக இருந்தும் நான் ஏன் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எல்லாம் சேரும் இடம் சின்னதில்லை. அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின்பாவனையில் 21 வீதம் தரவு மையங்களுக்கே போனது, நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து எடுத்ததை விட அதிகம். நம்மிடம் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம் 11 மெகாவாட். இப்போது கட்டுகிற பெரிய ஏஐ தரவு மையம் ஒன்றுக்கு 100 மெகாவாட்டும் போதாது. அம்பாறை வயல்களுக்குப் பாய்கிற அந்தத் தண்ணீரை நினைத்துப் பாருங்க.


வாவியோரம்
செவ்வாய், இரவு 8.00

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது நான் நன்றாக வேலை செய்தேன். லேப்டொப் பேட்டரி இரண்டு மணிநேரம்தான், பெரிய பைலைத் திறந்தால் ஒரு மணிநேரத்தில் போய்விடும், அதனால் சின்னதாக, நாலைந்து லேயரில், என்ன வரையப் போகிறேன் என்று கொப்பியில் பென்சிலால் முடிவெடுத்துவிட்டுத் திறப்பேன். அந்த மூன்று மாத ஓவியங்கள்தான் இன்றைக்கும் என் நல்ல ஓவியங்கள். கரண்ட் வந்ததும் மறந்துபோனேன்.

பார்சிலோனாவில் ஒரு இணையச் சஞ்சிகை 2018இல் இருந்து பால்கனிச் சூரியத் தகட்டில் ஓடுகிறது. படங்களை எல்லாம் புள்ளிப் புள்ளியாக, சில நிறங்களுக்கு இறக்கி, மிகச் சிறிதாக்கிப் போடுகிறார்கள். மழைக்காலத்தில் பேட்டரி இறங்கினால் தளம் மூடிக்கொள்ளும், வெயில் வந்தால் திறக்கும். அந்தப் புள்ளிப் படங்கள் பழைய பத்திரிகைப் படம் போல எவ்வளவு அழகு தெரியுமா! கூத்து முகங்களை அப்படிச் செய்து பார்த்தேன், ஒரு முகம் 40 கேபி. கிரீடத்துக் கண்ணாடித் துண்டுகள் அதில்தான் உண்மையாக மின்னுகின்றன.


ஆரையம்பதி டீச்சர்
செவ்வாய், இரவு 9.15

பிள்ளைகள், எல்லாம் வாசித்தேன். நாவலடி மகளுக்கும் வாவியோரத்துக்கும் நடுவில் நின்று ஒன்று சொல்ல வேணும்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. அந்தக் காயத்தோடுதான் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள், இன்றைக்கு உலகத்தில் எங்கே இருந்தும் நம் பழைய பத்திரிகையும் கோயில் மலரும் எடுத்து வாசிக்கிறோம். அதுவும் சேவரில்தான் இருக்கிறது, கரண்டில்தான் ஓடுகிறது. அதைக் கழிவு என்று யாராவது சொல்வார்களா? ஏன் சொல்ல முடியாது என்றால், ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, எழுதியவர், என்ன வகை என்று ஒரு ஆள் இருந்து எழுதி வைத்திருக்கிறார். பெயர் எழுதி வைத்தது காப்பகம். பெயர் இல்லாதது குவியல். குவியலில் கிடப்பது தொலைந்ததற்குச் சமம், கரண்டையும் இடத்தையும் எடுத்துக்கொண்டு தொலைந்து கிடக்கிறது.

மகள், உங்கள் தெரு ஓவியங்களில் ஒன்றும் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். எந்த வேலி, யார் வீட்டுக் கிணறு, தம்பி எங்கே நின்று விளையாடுவான். எழுத எழுத எது வேண்டாம் என்று உங்களுக்கே தெரியும், அல்லது எல்லாமே வேணும் என்று தெரியும். இரண்டும் சரி.

கூத்துக்காரர்களுக்கு நான் சொல்வது வேறு. கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் கொப்பிகளைப் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர், பெயர் போட்டு வைத்தவர்கள் மிகக் குறைவு.


நாவலடி மகள்
செவ்வாய், இரவு 9.50

டீச்சர், இன்றைக்கு ஆறு படத்துக்குப் பெயர் எழுதினேன். ஆறுக்கு மூன்று மணிநேரம் போனது. மற்றதை மெல்ல மெல்ல எழுதுகிறேன்.


வாவியோரம்
புதன், இரவு 11.40

டீச்சர் சொன்னதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு முழுநாளும் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். டைம்லாப்ஸ் வீடியோ எல்லாம் போய்விட்டது, பேக்கப்புகள் போய்விட்டன, பேனர்கள் 72க்கு இறங்கிவிட்டன. 1.9இல் இருந்து 0.6க்கு வந்துவிட்டேன். புது டிஸ்க் வாங்கவில்லை.

அப்புறம் வெறும் எண் மட்டும் பெயராக இருந்த ஒரு போல்டரைத் திறந்தேன். 2016இல் எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவர் தன் கூத்துக் கொப்பியைத் தந்து, படம் எடுத்து வைத்துக்கொள் என்று சொன்னார். அவர் 2020இல் காலமாகிவிட்டார், கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது என்று அவர் மகன் சொல்லியிருந்தார். நான் எடுத்ததையே நான் மறந்துவிட்டேன். 62 பக்கக் கொப்பி, கிடைத்த பக்கமெல்லாம் தெளிவாக இருக்கிறது, அவருடைய கையெழுத்து, ஓரத்தில் தாளக்கட்டு. அழுதுவிட்டேன்.

ஆனால் டீச்சர், 41இல் இருந்து 48 வரை இல்லை. சபையோர் முன்னிலையில் அரசன் வரவு வருகிற இடம். காலையில் பிரதி பிரதியாகக் கிடந்த ஒரு போல்டரைத் திறந்து பார்க்காமல் அப்படியே அழித்தேன். அதிலும் எண்தான் பெயர். அதற்குள் இருந்திருக்குமோ என்று நெஞ்சு படபடக்கிறது.


கரண்ட்கணக்கு
புதன், இரவு 11.48

தம்பி, கொம்பியூட்டரை உடனே நிற்பாட்டுங்க. அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்தும் எழுதக் கூடாது, இன்னும் எதையும் அழிக்கவும் இடம் மாற்றவும் கூடாது. சுற்றுகிற டிஸ்க்தானே, எஸ்எஸ்டி இல்லையே? எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், கஷ்டம்.


வாவியோரம்
புதன், இரவு 11.50

சுற்றுகிறதுதான். வெளியில் செருகுவது. கிளவுட் குப்பைத்தொட்டியிலும் பார்த்தேன், அதையும் காலையிலேயே காலி செய்துவிட்டேன்.


கரண்ட்கணக்கு
புதன், இரவு 11.57

அப்படியானால் நம்பிக்கை இருக்கிறது. அழித்தால் பெயர்தான் முதலில் போகும், படம் அதன் மேல் வேறு ஒன்று எழுதும்வரை கிடக்கும். பேனர்களை மாற்றி எழுதியதில் கொஞ்சம் மூடிப்போயிருக்கலாம், பார்ப்போம். போட்டோரெக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஜேபெக் படங்களை நன்றாகவே மீட்டுத் தரும், ஆனால் மீட்பதை வேறு டிஸ்க்கில்தான் எழுத வேணும். என்னிடம் காலி டிஸ்க் இருக்கிறது. துணியில் சுற்றி, தட்டுப்படாமல் எடுத்து வாங்க.


ஆரையம்பதி டீச்சர்
வியாழன், காலை 5.30

மகன், அந்த அண்ணாவியாரிடம் ஆடியவர்கள் இரண்டு பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அரசன் வரவு ஒருவருக்குப் பாடமாக இருக்க வேணும். நான் இன்றைக்கே போய்க் கேட்கிறேன். நீங்க டிஸ்க்கைப் பாருங்க.


வாவியோரம்
வியாழன், காலை 5.42

ஆறரை பஸ்ஸில் கல்முனைக்கு வருகிறேன் அண்ணன். கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?


கரண்ட்கணக்கு
வியாழன், காலை 5.45

நீங்க வாங்க, திறந்து வைத்திருப்பேன்.